படமும் சொல்லும்: யாங்கோன் சிறுவர்க்கு ஆங்கிலம்

யாங்கோன் நகரின் மையப் பகுதியில், அநோரதா சாலையை ஒட்டிய தெருக்களில் நடப்பவர் காதில் தமிழ் விழாமல் போகாது. பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாக இருந்த காலத்தில், 1871ஆம் ஆண்டில் தமிழர்கள் எழுப்பிய காளியம்மன் கோயில் இங்கேதான் இருக்கிறது. இப்பகுதியில் வளரும் ஒரு தமிழ்க் குழந்தை பாட்டியிடம் தமிழ் கேட்கிறது. தெருவிலும் பள்ளியிலும் பர்மிய மொழி பேசுகிறது. பள்ளியில் சேர்ந்தவுடன் மூன்றாவதாக ஆங்கிலம் வந்து சேர்கிறது.

அக்குழந்தையிடம் ஆசிரியை ஒரு பட அட்டையைக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிண்ணம் நிறைய வெள்ளையாக ஏதோ இருக்கிறது. 'ரைஸ்' என்கிறார் ஆசிரியை. வகுப்பு முழுவதும் 'ரைஸ்' என்று கூவுகிறது. பாடம் முடிந்தது. ஆனால் குழந்தை கற்றுக்கொண்டது என்ன? தமிழில் நெல், அரிசி, சோறு என்று மூன்று சொற்கள். பர்மிய மொழியிலும் அப்படியே மூன்று: ஸபா, சான், தமின். இந்த ஆறு சொற்களையும் மூன்று வேறு பொருள்களுக்கு உரியவையாகப் பழகிவிட்ட குழந்தைக்கு, ஆங்கிலம் மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும் என்ற செய்தியைக் கிண்ணத்துச் சோற்றுப் படம் சொல்லவில்லை. மறுநாள் வயலின் படத்தையோ அரிசி மூட்டையின் படத்தையோ காட்டினால் அது வேறொரு ஆங்கிலச் சொல்லைத் தேடும்.

படம் வைத்துச் சொல் கற்பித்தல் எளிய முறை என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். சென்னையிலும் கொழும்பிலும் டொராண்டோவிலும் தமிழ்ப் பெற்றோர் முதலில் வாங்குவது பட அட்டைகளைத்தான். அம்முறை எங்கிருந்து வந்தது, எங்கே உதவுகிறது, எங்கே ஏமாற்றுகிறது, இரண்டாம் மொழியாகவும் மூன்றாம் மொழியாகவும் ஆங்கிலம் கற்கும் யாங்கோன் சிறுவர்க்கு அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

யாங்கோனின் மொழிகள்

இன்று 50 இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் யாங்கோன், எப்போதுமே பல மொழிகளின் நகரம். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ரங்கூனின் மக்கள்தொகை சுமார் 4 இலட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள்: தமிழர், தெலுங்கர், வங்காளிகள், குஜராத்திகள், இந்துஸ்தானி பேசுவோர். இவர்களோடு பர்மியர், கரேன் மக்கள், சீனர் எல்லோரும் இருந்தனர். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பெருந்திரளான இந்தியர் வெளியேறினர். 1962இல் இராணுவ ஆட்சி வந்து, வணிகம் தேசியமயமாக்கப்பட்டபின் மற்றோர் அலை கிளம்பியது. சென்னையின் பர்மா பஜார் அந்த இரண்டாம் வெளியேற்றத்தின் அடையாளம். போகாமல் தங்கியவர்களின் பேரப் பிள்ளைகளே இன்று யாங்கோனில் பள்ளி செல்லும் தமிழ்ச் சிறுவர்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் பர்மாவில் மூவகைப் பள்ளிகள் இருந்தன: தாய்மொழிப் பள்ளி, ஆங்கிலமும் தாய்மொழியும் கலந்த பள்ளி, முழு ஆங்கிலப் பள்ளி. விடுதலைக்குப் பின் பர்மிய மொழி கல்வி மொழியாயிற்று. 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் தேசியமயமாயின. ஆங்கிலம் நடுநிலை வகுப்புகளுக்குத் தள்ளப்பட்டது. 1981இல் கொள்கை திரும்பியது. ஆங்கிலம் மீண்டும் மழலையர் வகுப்பிலிருந்தே தொடங்கியது. 2016-17 கல்வியாண்டில் மழலையர் வகுப்பும் அதன்மேல் 12 ஆண்டுகளும் கொண்ட புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. தொடக்கப்பள்ளிப் பாடநூல்களை உருவாக்குவதில் ஜப்பானின் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை உதவியது. வண்ணப் படங்கள் நிறைந்த பாடநூல்கள் சிறுவர் கைக்கு வந்தன.

அந்த மாற்றம் முழுமை பெறுமுன் 2020இல் கொரோனாத் தொற்று பள்ளிகளை மூடியது. 2021 பிப்ரவரி 1ஆம் நாள் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் ஆசிரியர்கள் பெருமளவில் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து பணியை விட்டனர். பல குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பாடம் வீட்டுக்கும் அண்டைவீட்டுக் கூடத்துக்கும் இடம் மாறியது. யாங்கோனில் மின்வெட்டும் மிகுந்தது. இந்நிலையில் மின்சாரமும் இணையமும் வேண்டாத ஒரு கருவி என்ற முறையில், பழைய நாட்காட்டியிலிருந்து வெட்டி ஒட்டிய பட அட்டைக்குப் புது மதிப்பு உண்டு. தாயோ பாட்டியோ ஆசிரியராக வேண்டிய வீட்டில், அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது வெறும் ஏட்டுக் கேள்வி ஆகாது.

முதல் படநூல் செய்த இரண்டு காரியங்கள்

நம் திண்ணைப் பள்ளிகளில் படம் கிடையாது. மணலில் எழுத்து, மனத்தில் பாட்டு, அவ்வளவுதான். படத்தைக் கொண்டு மொழி கற்பிக்கும் பாடநூல் என்று பரவலாகக் குறிப்பிடப்படும் முதல் நூல் ஐரோப்பாவில் 1658ஆம் ஆண்டு நியூரம்பெர்க் நகரில் அச்சானது. எழுதியவர் செக் நாட்டுக் கல்வியாளர் ஜான் ஆமோஸ் கொமேனியஸ். நூலின் பெயர் 'ஆர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்'. கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் உலகைப் படங்களில் தருவது என்று பொருள் கொள்ளலாம். மறு ஆண்டே, 1659இல், சார்லஸ் ஹூல் இதன் ஆங்கிலப் பதிப்பை வெளியிட்டார். 150 தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மரச்செதுக்குப் படம். எழுத்துகளைக்கூட விலங்குகளின் ஒலியைக் கொண்டே தொடங்குகிறது இந்நூல். முதலில் வருவது காகம்.

இந்நூலில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கொமேனியஸ் படத்தின் உறுப்புகளுக்கு எண் இட்டார். தையற்காரர் படத்தில் கத்தரிக்கோலுக்கு ஓர் எண், ஊசிக்கு ஓர் எண்; பக்கத்திலுள்ள சொல்லுக்கும் அதே எண். மாணவன் படம் முழுவதையும் பார்த்துக் குழம்பாமல், எந்தச் சொல் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று விரல் வைத்துத் தொடரலாம். மற்றொன்று, இலத்தீன் ஒரு பத்தியிலும் தாய்மொழி அடுத்த பத்தியிலும் ஒன்றையொன்று நோக்கி நின்றன. படம் இருக்கிறதே என்று தாய்மொழியை அவர் வெளியேற்றவில்லை.

பின்வந்தோர் பலர் இந்த இரண்டையும் மறந்தனர். 'தாய்மொழி வேண்டாம், படம் போதும்' என்ற கொள்கை, நேர்முறைக் கற்பித்தல் என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வலுப்பெற்றது. அவ்வழியில் வந்த சிறந்த நூல் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸும் கிறிஸ்டின் கிப்சனும் 1945இல் வெளியிட்டது. பின்னர் 'இங்கிலீஷ் த்ரூ பிக்சர்ஸ்' என்ற பெயரில் உலகெங்கும் பரவிய அந்நூலில் இருப்பவை வெறும் குச்சி உருவங்கள். இலக்கியத் திறனாய்வில் ரிச்சர்ட்ஸின் பெயரை அறிந்த நம் வாசகர்களுக்கு, அவர் பல ஆண்டுகள் இத்தகைய பாலபாட நூல்களுக்காக உழைத்தார் என்பது வியப்பளிக்கலாம். அவருடைய நூலில் தனிப்படம் அதிகம் இல்லை. அடுத்தடுத்த படங்களுக்கிடையே ஒரே ஒரு வேறுபாடு இருக்கும். அந்த வேறுபாடுதான் புதுச்சொல்லின் பொருள்.

ரிச்சர்ட்ஸின் நண்பர் சி. கே. ஆக்டன் 1930இல் வெளியிட்ட 'பேசிக் இங்கிலீஷ்' சொற்பட்டியலும் இங்கு நினைக்கத் தக்கது. மொத்தம் 850 சொற்கள். அவற்றில் 600 பொருட்பெயர்கள். அந்த 600இல் படமாக வரையத் தக்கவை என்று அவர் தனியே பிரித்துவைத்தவை 200 மட்டுமே. மிக எளிய சொற்களை மட்டும் தேர்ந்தெடுத்த பட்டியலிலேயே நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் படத்துக்கு வசப்படுகிறது என்றால், படத்தால் எல்லாம் கற்பித்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு எல்லை எங்கே என்பது விளங்கும்.

பர்மிய எழுத்தே ஒரு படம்

யாங்கோன் சிறுவனுக்குப் படத்தின் வழியே மொழி கற்பது புதிதல்ல. பர்மிய எழுத்துகள் பலவற்றின் பெயர்களே சிறு சித்திரங்கள். 'பெரிய க', 'சின்ன க', 'உருண்டைச் ச', 'தொப்பை வயிற்றுத் த', 'யானை விலங்குத் த', 'கூன் முதுகுப் ப', 'மல்லாந்து கிடக்கும் ய' என்றெல்லாம் பொருள்படும் பெயர்களைச் சொல்லித்தான் குழந்தை எழுதப் பழகுகிறது. ஒலி ஒன்றாகிவிட்ட எழுத்துகளை உருவத்தால் பிரித்தறிய இப்பெயர்கள் உதவுகின்றன. நாமும் துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்று சொல்லித்தானே தமிழ் எழுதப் பழகினோம்!

இன்னொரு படவரிசையும் உண்டு. ஷ்வேடகோன் பகோடாவைச் சுற்றிப் பிறந்தகிழமைக்குரிய எட்டு இடங்கள் உள்ளன. புதன்கிழமை காலை, மாலை என இரண்டாகப் பிரிவதால் எட்டு. ஞாயிறுக்குக் கருடன், திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், புதன் காலைக்குத் தந்தமுள்ள யானை, புதன் மாலைக்குத் தந்தமில்லா யானை, வியாழனுக்கு எலி, வெள்ளிக்குக் கினிப்பன்றி, சனிக்கு நாகம். மரபுப்படி பெயரின் முதலெழுத்தும் கிழமையைப் பொறுத்தே அமையும். க வரிசை திங்களுக்கு உரியது, ப வரிசை வியாழனுக்கு உரியது என்பது போல. ஆகவே எழுத்து, விலங்கு, கிழமை, தன் பிறப்பு நான்கும் ஒரே முடிச்சில் கட்டப்பட்ட நகரம் இது. ஆங்கில விலங்குப் பெயர்களைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது? 'உன் கிழமை விலங்கு எது?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத குழந்தை இராது. வீட்டில் புலியும் யானையும் தமிழில் கேட்ட குழந்தைக்கும் இந்த விலங்குகள் அந்நியமல்ல.

இதற்கு மாறாக 'ஏ ஃபார் ஆப்பிள், ஐ ஃபார் இக்லூ, எக்ஸ் ஃபார் சைலோஃபோன்' என்ற வரிசையைப் பாருங்கள். பனிவீட்டைக் குழந்தை பார்த்ததில்லை, ஆசிரியையும் பார்த்ததில்லை. படம்தான் பொருளை விளக்க வேண்டும் என்றால், இங்கே அந்தப் படத்தை விளக்க வேறொரு விளக்கம் தேவைப்படுகிறது.

ஆய்வுகள் சொல்வது

படத்துக்கு ஆதரவான சான்றுகள் வலுவானவை. 1962இல் உளவியலாளர்களான ஜூலியன் ஹாக்பெர்க், வர்ஜீனியா புரூக்ஸ் இருவரும் ஒரு சோதனை முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 19 மாதம் வரை படங்களே காட்டப்படாமல் வளர்க்கப்பட்ட ஒரு குழந்தை, பழகிய பொருள்களின் கோட்டோவியங்களைப் பார்த்ததும் பெயர் சொன்னது. பொருளின் உருவைப் படத்தில் அறிவதற்குத் தனிப்பயிற்சி தேவையில்லை என்று இதிலிருந்து தெரிந்தது. 2004இல் மெலிஸா ப்ரைஸ்லரும் சூசன் கேரியும் செய்த சோதனையில், முட்டை அடிக்கும் கருவியின் படத்தைக் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுத்தபோது, ஒன்றரை வயது, இரண்டு வயதுக் குழந்தைகள் அப்பெயரைப் படத்தோடு நிறுத்தாமல் உண்மைக் கருவிக்கும் பொருத்தினர். அலன் பைவியோ முன்வைத்த இரட்டைக் குறியீட்டுக் கொள்கைப்படி, சொல்லாகவும் உருவமாகவும் இருவழியில் பதிந்த செய்தியை நினைவிலிருந்து மீட்பது எளிது.

1973இல் லயனல் ஸ்டாண்டிங் வெளியிட்ட ஆய்வும் பெயர்பெற்றது. 10,000 படங்களைப் பார்த்தவர்கள் பின்னர் அவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அடையாளம் கண்டனர். ஆனால் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அவர்கள் செய்தது 'இதை முன்பே பார்த்தேன்' என்று அறிவது மட்டுமே. படத்தைக் கண்டறிவது வேறு, அதன் பெயரை வாயில் வரவழைப்பது வேறு. அட்டையைப் பார்த்ததும் குழந்தையின் முகம் மலர்வது முதலாவதன் அடையாளம்; இரண்டாவதற்கு அது சான்றாகாது.

எச்சரிக்கைகளும் உண்டு. 1960களில் எஸ். ஜே சாமுவேல்ஸ் செய்த ஆய்வுகள், வாசிக்கத் தொடங்கும் குழந்தைகளுக்குச் சொல்லின் பக்கத்திலேயே படம் இருந்தால் கண் எழுத்தை விட்டுப் படத்துக்குப் போய்விடுகிறது என்று காட்டின. படத்தைப் பார்த்துச் சொல்கிற குழந்தை வாசிப்பதாக நாம் மகிழ்ந்துபோகிறோம். தாமஸ் டிங்கம் 1993இலும் ராப் வேரிங் 1997இலும் வெளியிட்ட ஆய்வுகள் வேறொரு வழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தின. ஒரே இனத்தைச் சேர்ந்த புதுச்சொற்களைச் சேர்த்துக் கற்றவர்கள், தொடர்பில்லாத சொற்களைக் கற்றவர்களைவிடத் தாமதமாகவே கற்றனர். புதிய சொற்கள் ஒன்றோடொன்று குழம்பின. இச்சோதனைகளில் கற்றவர்கள் குழந்தைகள் அல்லர், கற்ற சொற்களும் செயற்கைச் சொற்கள் என்பதை மறக்கக் கூடாது. இருப்பினும், 20 பழங்கள் ஒரு தாளில், 20 காய்கறிகள் மறுதாளில் என்று கட்டம் கட்டி விற்கப்படும் சுவர்ப்படங்களை ஒரே நாளில் நடத்தி முடிப்பவர் ஒருகணம் யோசிப்பது நல்லது.

படம் ஏமாற்றும் இடங்கள்

தத்துவவாதி குவைன் 1960இல் எழுப்பிய ஒரு கேள்வி இங்கே பொருந்தும். முயல் ஓடும்போது ஒருவர் தெரியாத மொழியில் ஏதோ சொன்னால், அது முயலையா, அதன் ஓட்டத்தையா, அதன் ஓர் உறுப்பையா எதைக் குறிக்கிறது என்று கேட்பவர் எப்படி அறிவார்? யாங்கோனுக்கு ஏற்றபடி இதை மாற்றிப் பார்ப்போம். ஏப்ரலில் வரும் திங்யான் நீர்விழாவில் ஒரு சிறுவன் இன்னொருவன்மேல் கிண்ணத்து நீரை ஊற்றும் படம். ஆசிரியை ஒரு சொல் சொல்கிறார். அது நீரா, கிண்ணமா, சிறுவனா, ஊற்றுவதா, நனைவதா, விழாவா? படத்தில் எல்லாமே இருக்கின்றன. எதைச் சுட்டுகிறோம் என்பது படத்தில் இல்லை. கொமேனியஸ் இட்ட எண்களின் அருமை இப்போது புரியும்.

குழந்தைகள் பெரும்பாலும் புதுச்சொல்லை முழுப்பொருளின் பெயராகவே எடுத்துக்கொள்கின்றனர் என்று எல்லன் மார்க்மன் முதலியோர் காட்டியுள்ளனர். ஆகவே பெயர்ச்சொல்லுக்குப் படம் எளிது. வினைக்கும் பண்புக்கும் அரிது. ஊற்றுதல், குதித்தல் போன்றவற்றை அட்டையில் காட்டுவதைவிட எழுந்து நின்று செய்துகாட்டுவதே மேல். ஜேம்ஸ் ஆஷர் 1960களில் உருவாக்கிய உடலசைவு வழிக் கற்பித்தலின் சாரம் இதுவே.

பெயர்ச்சொல்லிலும் மொழிக்கு மொழி எல்லைகள் வேறு. தமிழில் தோள்முதல் விரல்வரை 'கை'. பர்மிய 'லெட்'டும் பேச்சில் ஏறத்தாழ அப்படியே. ஆங்கிலத்தில் மணிக்கட்டுக்கு அப்பால் ஒரு சொல், இப்பால் ஒரு சொல். கையின் படத்தை எங்கே வெட்டுகிறோம் என்பதில் பொருள் மாறிவிடுகிறது. முழுக்கையையும் வரைந்து, மணிக்கட்டில் ஒரு கோடு இட்டு, இருபுறமும் இரு வண்ணம் தீட்டினால் ஒரே படம் இரு சொற்களையும் தெளிவாக்கும்.

உறவுப்பெயர் இன்னும் சிக்கலானது. 'பிரதர்' என்று ஒரு சிறுவன் படத்தைக் காட்டுகிறோம். தமிழ்க் குழந்தைக்கு உடனே எழும் கேள்வி அண்ணனா தம்பியா என்பது. பர்மியக் குழந்தைக்கு அதோடு இன்னொரு கேள்வியும் உண்டு: சொல்வது யார்? தம்பியை அண்ணன் அழைக்கும் சொல் 'ஞீ'. அக்காள் அழைக்கும் சொல் 'மௌங்'. தனிச்சிறுவனின் முகத்தில் இவற்றில் எதுவும் எழுதியிருக்காது. இச்சொல்லைக் குடும்பப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு, வீட்டுமொழியில் ஒரு வாக்கியம் பேசித்தான் கற்பிக்க முடியும். அந்த ஒரு வாக்கியத்தைத் தடைசெய்வது எந்தக் கொள்கையாக இருந்தாலும் அது குழந்தைக்கு உதவாது.

ஒலியின் கதை வேறு. பர்மிய மொழியில் அசையின் இறுதியில் ட், ப், க் போன்றவை தனித்து ஒலிப்பதில்லை; தொண்டையில் ஒரு சிறு அடைப்பாகிவிடுகின்றன. 'கேட்', 'கேப்' இரண்டும் ஒன்றாகக் கேட்கக்கூடும். தமிழ்க் குழந்தையோ இறுதியில் ஓர் உகரத்தைச் சேர்த்துக் 'கேட்டு' என்கிறது. ஃபகர ஒலி இருவருக்கும் அந்நியம். மின்விசிறியை நாம் 'பேன்' என்று சொன்னால் தலையில் ஊர்வது நினைவுக்கு வருகிறது. பர்மியருக்கோ 'பான்' என்றால் பூ. இங்கேதான் படம் தன் முழுத்திறனைக் காட்டுகிறது. பூனைப் படத்தையும் தொப்பிப் படத்தையும் முன்வைத்து ஒரு சொல்லை மட்டும் ஒலித்து, 'எது?' என்று கேட்கலாம். குழந்தை வாய்திறக்க வேண்டியதில்லை, விரல் நீட்டினால் போதும். காதில் விழுந்தது எது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். கூச்சமுள்ள குழந்தைக்கு இது பெரிய விடுதலை.

தெருவிலிருந்து ஒரு சொற்பட்டியல்

பட அட்டைக்குரிய சொற்களை வெளிநாட்டுப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. யாங்கோன் குழந்தை தன்னை அறியாமலே பல ஆங்கிலச் சொற்களைப் பேசிக்கொண்டிருக்கிறது. மூன்று சக்கர மிதிவண்டிக்குப் பர்மிய மொழியில் 'சைக்கா'. ஆங்கில 'சைட்கார்'தான் இப்படித் திரிந்தது. பேருந்து 'பஸ்ஸகா'; வண்டிகள் எல்லாம் 'கா'. காப்பியும் ரேடியோவும் அப்படியே வந்தவை. இவற்றின் படங்களில் தொடங்கினால் பொருள் ஏற்கெனவே தெரியும், ஒலியும் பாதி தெரியும். எஞ்சியது உச்சரிப்பைச் செப்பம் செய்வது மட்டுமே. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று கொமேனியஸ் வற்புறுத்தியதும் இதையே.

நம்முடைய தோசையும் அங்கே பர்மியச் சொல்லாகிவிட்டது. 'தோஷே' என்கின்றனர். அதை எழுதும் பர்மிய எழுத்துகளைப் பிரித்துப் படித்தால் 'குட்டை, நீளம்' என்று பொருள் வரும்! தோசையின் படம் ஒன்றைக் காட்டி 'ஷார்ட்', 'லாங்', 'ரவுண்ட்', 'ஹாட்' ஆகிய நான்கு பண்புச்சொற்களைக் கற்பிக்கலாம். காலையில் மொஹிங்கா விற்கும் கடை, கன்னத்தில் தனக்கா பூசிய அக்காள், லொன்ஜி கட்டிய தாத்தா, நகரைச் சுற்றிவரும் வட்ட இரயில் எல்லாமே படங்கள்தாம். மொஹிங்காவுக்கு ஆங்கிலத்தில் தனிப்பெயர் இல்லையே என்று தயங்க வேண்டாம். கிண்ணம், கரண்டி, மீன், முட்டை, ஆவி, பசி என்று அந்த ஒரு காட்சியைச் சுற்றியே ஆறு சொற்கள் உள்ளன. ஒரே இனச் சொற்களாக இல்லாமல் ஒரே காட்சியைச் சேர்ந்த சொற்களாக இருப்பதால் இவை குழம்புவதும் குறைவு. 1997இல் டிங்கம் வெளியிட்ட அடுத்த ஆய்வும், ஒரு காட்சியோடு பிணைந்த சொற்கள் எளிதில் பதிகின்றன என்றே கண்டது.

நடைமுறைக்குச் சில குறிப்புகள்

1. ஒரு நாளைக்கு ஐந்தாறு புதுச்சொற்கள் போதும். நேற்றைய அட்டைகளை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு புதியவற்றைத் தொடங்குக.

2. உண்மைப்பொருள் கையில் கிடைக்குமானால் படம் வேண்டாம். வாழைப்பழத்தை உரித்துத் தின்றபடி கற்பதற்கு இணையான அட்டை கிடையாது. படம் அதை மறுநாள் நினைவூட்டுவதற்கு.

3. ஒரு சொல்லுக்கு ஒரே படம் என்று நிறுத்தாதீர்கள். நாய் என்றால் மூன்று வகை நாய். 'ரைஸ்' என்றால் வயல், மூட்டை, கிண்ணம் மூன்றும். சொல்லின் பரப்பு அப்போதுதான் தெரியும்.

4. முதலில் கேட்கட்டும், பின்பு சுட்டட்டும், அதற்குப் பின்பு சொல்லட்டும். கூட்டாகக் கூவுவது கடைசியில்.

5. படம் அட்டையின் முன்புறம், எழுத்து பின்புறம். வாசிக்கப் பழகும்போது எழுத்தை மட்டும் காட்டி, விடை சரியா என்று பார்க்கவே படத்தைத் திருப்ப வேண்டும்.

6. படத்தை மறைத்துவிட்டுக் கேளுங்கள். 2008இல் ஜெஃப்ரி கார்ப்பிக், ஹென்றி ரோடிகர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், சுவாஹிலிச் சொற்களைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பழகியவர்களே ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவில் வைத்திருந்தனர்.

7. குழந்தையே வரையட்டும். அழகாக இருக்க வேண்டியதில்லை. ரிச்சர்ட்ஸின் நூலில் குச்சி உருவங்கள்தாம் இருந்தன.

அட்டையின் பின்புறம் மூன்று சொற்கள்

மேலே ஐந்தாவது குறிப்பில் பின்புறம் எழுத்து என்றோம். அங்கே எத்தனை சொற்கள் எழுதுவது என்பதே தமிழ்ப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டிய கேள்வி.

யாங்கோனில் கோயில்களையும் சங்கங்களையும் சார்ந்து விடுமுறைக் காலத்தில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. ஆண்டில் மற்ற மாதங்களில் எழுத்தும் வாசிப்பும் பர்மியத்திலும் ஆங்கிலத்திலும்தான். இந்நிலையில் பட அட்டைக்கு ஒரு விபரீதமான ஆற்றல் உண்டு. பொருளையும் ஆங்கிலச் சொல்லையும் நேராக இணைத்துவிடுவதால், வேறு எந்த மொழியின் வழியாகவும் போக வேண்டியதில்லை. நேர்முறைக் கற்பித்தல் இதையே தன் பெருமையாகச் சொன்னது. வலுவான தாய்மொழி உள்ள குழந்தைக்கு இதனால் இழப்பில்லை. வீட்டுமொழியே மெலிந்து வரும் குழந்தைக்கோ, கொக்கைப் பார்த்தால் ஆங்கிலப் பெயர் வரும், பர்மியப் பெயர் வரும், பாட்டி சொன்ன பெயர் வராது. டொராண்டோவிலும் சிட்னியிலும் இதை நாம் கண்கூடாகப் பார்த்துவருகிறோம்.

அதே படம் இதற்கு மாற்றாகவும் இருக்க முடியும். கொமேனியஸ் இரண்டு மொழிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தினார். யாங்கோன் அட்டையில் மூன்றை நிறுத்தலாம். பள்ளியில் ஆசிரியை பர்மியச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் கேட்பார். அட்டை வீட்டுக்கு வரும். பாட்டி மூன்றாவது சொல்லைத் தருவார். ஆங்கிலம் அறியாத பாட்டிக்கும் படம் தெரியுமல்லவா? பேரன் ஆங்கிலம் படிக்கும் நேரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தவர் இப்போது பாடத்துக்குள் வந்துவிடுகிறார். இதற்குத் தனிச்செலவு எதுவும் இல்லை. அட்டையின் பின்புறத்தில் ஒரு வரி இடம் விட்டுவைத்தால் போதும்.

மூன்று சொற்களும் ஒரே அட்டையில் சேரும்போது இன்னொரு நன்மையும் விளைகிறது. சொற்களின் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாத இடங்கள் குழந்தைக்கே தெரியத் தொடங்கும். கிண்ணத்துச் சோற்றுப் படத்தைத் திருப்பினால் 'சோறு', 'தமின்', 'ரைஸ்'. மூட்டைப் படத்தைத் திருப்பினால் 'அரிசி', 'சான்', மறுபடியும் 'ரைஸ்'. வயலின் படத்திலும் ஆங்கிலச் சொல் மாறவில்லை. 'இங்கிலீஷ்காரங்களுக்கு இது மூணும் ஒண்ணுதானா பாட்டி?' என்று அக்குழந்தை கேட்குமானால், ஆங்கிலச் சொல்லின் பொருளை அது சரியாகக் கற்றுவிட்டது. தன் மொழியில் மூன்று சொற்கள் இருப்பதையும் அப்போதுதான் முதன்முதலாகக் கவனித்திருக்கும்.